முதல் பீரியட் கணக்கு

பாடம் நடத்துகிறவர்களுக்குப் பாடம் கேட்க வராது. ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தால் இருபது பேர் பக்கத்து நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்பார்கள். பத்துப் பேர் செல்போனுக்குள் தலையை விட்டிருப்பார்கள். மிச்சப் பேர் டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்ப்பார்கள். ஹேமலதா டீச்சர் இந்த மூன்று கட்சியிலும் இல்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து கையைத் தூக்குவார். கேள்வி கேட்பார். பதில் சரியில்லையென்றால் மறுபடியும் கேட்பார்.

அப்படி ஒரு முகாமில்தான் வினை வந்தது. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும் ஒரு பெண், கழித்தல் கற்பிப்பது எப்படி என்று திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தார். ஹேமலதா எழுந்து, "இது எங்க பிள்ளைங்ககிட்ட எடுபடாது மேடம்" என்றார். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு, "இது ஆராய்ச்சி முடிவு மேடம். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. ஹேமலதா உட்கார்ந்துவிட்டார்.

பதினெட்டு வருஷம் ஒரே அரசுத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுத்தவர். மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்துப் பிள்ளைகள் நிறைய வரும் பள்ளி அது. வேலையில் இருந்தபடியே பி.ஏ., பி.எட். முடித்தவர். இருந்தாலும் அந்தச் சிரிப்பு மூலக்குளம் வீடு வரைக்கும் கூடவே வந்தது. அன்று மாலையே கணவர் கமலக்கண்ணனிடம் அறிவித்தார்.

"நான் மாஸ்டர்ஸ் பண்ணப் போறேன்."

"எதுல?"

"எஜுகேஷன்ல."

"அதத்தான பதினெட்டு வருஷமா பண்ற?" என்றார் அவர். கமலக்கண்ணன் ஒரு பஸ் டெப்போவில் டைம் கீப்பர். வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுவதே வேலை. அதனால் அவருக்கு எதிலும் பதற்றம் கிடையாது.

இலாகாவுக்கு மனுப்போட்டு, அனுமதி வாங்கி, தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு, மற்ற நாளில் பஸ்ஸில் படிப்பு. தத்துவம், உளவியல், புள்ளியியல் எல்லாம் ஒரே மூச்சில் தேறிவிட்டார். மீதி இருந்தது ஆய்வேடு. ஒரு தடவை தேர்தல் வேலை வந்து ஆய்வேட்டைத் தின்றுவிட்டது. அதற்கடுத்த தடவை மகளின் பத்தாம் வகுப்பு. நான்காவது வருஷம்தான் கடைசி. இந்த ஏப்ரலுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. எழுதித் தேறிய தாளெல்லாம் வீண்.

ஹேமலதா அசரவில்லை. ஆய்வுக்குப் பொருள் கைக்குள்ளேயே இருந்தது. வகுப்பில் முப்பத்தோரு பிள்ளைகள். அதில் பதினேழு பேருக்கு, பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு சுட்டுப் போட்டாலும் வரவில்லை. ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் மிச்சம் எவ்வளவு என்றால் முப்பத்தைந்து என்பார்கள். சின்ன இலக்கத்தைப் பெரிய இலக்கத்திலிருந்து கழிப்பார்கள், அது மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன என்று. புளியங்கொட்டை வைத்துச் சொல்லிக் கொடுத்தார், குச்சி கட்டிச் சொல்லிக் கொடுத்தார், நடக்கவில்லை. காரணம் வீடுதான் என்று டீச்சருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அம்மா, அப்பாவுக்கு அக்கறை இல்லை, பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை. 'நான்காம் வகுப்பு மாணவர்களின் கணக்குத் திறனில் பெற்றோர் மனப்பான்மையின் தாக்கம்' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் அதை டீச்சரிடம் யார் சொல்வது?

இருபத்துநாலு கேள்விகளைத் தயாரித்து, முப்பது வீட்டுக்குப் போய்க் கேட்டு முடித்தார். பாக்கி ஒரே ஆள், கலைவாணியின் அம்மா தில்லையம்மாள். மீன் விற்கிறவர். வீட்டுக்குப் போனால் இருக்க மாட்டார், வருஷத் தொடக்கத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்ததோடு சரி, அப்புறம் பள்ளிக்கு வா என்றால் வர மாட்டார். ஓர் அக்டோபர் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஹேமலதா தேங்காய்த்திட்டு மீன்பிடி துறைமுகத்துக்கே போய்விட்டார்.

ஏலம் சூடாக இருந்தது. தில்லையம்மாள் ஒரு கண்ணைச் சங்கரா மீன் குவியல் மேல் வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தார்.

"இன்னா டீச்சர் இங்க? மீனு வேணும்னா சொல்லி அனுப்பிருந்தா நானே எடுத்தாந்துருப்பேனே."

"மீனுக்கு வரல. உங்ககிட்ட இருபத்துநாலு கேள்வி கேக்கணும்."

"இருபத்துநாலா? போலீஸ் ஸ்டேஷன்லகூட அவ்ளோ கேக்க மாட்டாங்களே."

ஹேமலதா தாளை விரித்தார். "பிள்ளையின் கற்றல் செயல்பாடுகளில் தங்கள் ஈடுபாடு எத்தகையது?"

"டீச்சர், தமிழ்ல கேளுங்க."

"சரி. காலையில பொண்ணுகூட உக்காந்து எதனா சொல்லிக் குடுப்பீங்களா?"

"காலையிலயா?" தில்லையம்மாள் ஏலக்காரரைப் பார்த்து இரண்டு விரல் காட்டிவிட்டுத் திரும்பினார். "நாலரைக்கே நான் கெளம்பிருவேன். மீன எடுத்துக்கினு, ஆட்டோவுக்கு ஆள் சேர்ந்து, வீட்டாண்ட போய்ச் சேர பத்து ஆவும். அதுவரிக்கும் சின்னவன அவதான் பாத்துக்கறா. நான் போயி அவன வாங்கிக்கினதும் ஸ்கூலுக்கு ஓடியாருவா. எங்க தெரு புள்ளைங்க அத்தினியும் அப்படித்தான். உங்களுக்குத் தெரியாததா? நீங்கதான் லேட்டா வந்தாலும் ஆப்சென்ட் போடாம, சோறு கெடைக்கறாப்ல பாத்துக்கறீங்க. உங்களுக்குப் புண்ணியம்."

ஹேமலதா அந்தக் கேள்விக்கு நேரே 'இல்லை' என்று டிக் அடித்தார். புண்ணியம் என்ற சொல் மட்டும் காதில் இனித்தது. ஒரு கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதில் படித்தவர்களை யாரும் மிஞ்ச முடியாது.

அந்தப் புண்ணியம் என்னவென்று சொல்லிவிட வேண்டும். பள்ளி ஒன்பது மணிக்கு. வருகைப் பதிவேட்டை ஒன்பதரைக்குள் முடித்து, எத்தனை பேருக்கு மதியச் சாப்பாடு என்று சமையற்கூடத்துக்குச் சொல்லிவிட வேண்டும். அதற்குள் வராத பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டால் சாப்பாட்டு எண்ணிக்கையிலும் ஒன்று குறையும். பத்து மணிக்கு ஓடி வரும் பிள்ளை மத்தியானம் அடுத்தவர் தட்டில் பங்கு கேட்க வேண்டி வரும். வேறு ஆசிரியர்கள் தாமதக்காரர்களுக்குப் பென்சிலில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, பிள்ளை வந்த பிறகு பேனாவால் நிரப்புவார்கள். ஹேமலதாவுக்கு அந்தப் புள்ளியும் வேண்டியதில்லை. எப்படியும் வந்துவிடுவார்கள் என்று முப்பத்தோரு பேருக்கும் ஒரே இழுப்பில் வருகை போட்டுவிடுவார். பதினெட்டு வருஷமாக இந்தக் கை இப்படியே பழகியிருந்தது.

மறுநாள் ஞாயிறு மத்தியானம், கணவரும் மனைவியும் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். ஹேமலதா படிக்க, கமலக்கண்ணன் தட்டினார்.

"கலைவாணி. கணக்கு மதிப்பெண் இருபத்தஞ்சுக்கு நாலு. வருகை தொண்ணூத்தெட்டு சதவீதம்."

"அடுத்தது?"

"தமிழ்மாறன். கணக்கு மூணு. வருகை தொண்ணூத்தொம்பது."

கமலக்கண்ணன் தட்டுவதை நிறுத்தினார். "அதென்ன எல்லாருக்கும் தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்பது? எங்க டெப்போல சம்பளம் வாங்கறவன்கூட இப்படி வர மாட்டான். நெஜமாவே இதுங்க வருதா?"

"வருதுங்க. கொஞ்சம் லேட்டா வரும்."

"எவ்ளோ லேட்டு?"

"பத்து, பத்தேகால்."

"அத எங்க எழுதிருக்க?"

"அத எழுதறதில்ல. வந்துச்சா, வரலையா, அவ்ளோதான்."

"நல்லா இருக்கே," என்றார் டைம் கீப்பர். "பஸ் வந்துச்சுன்னு மட்டும் நான் எழுதி வெச்சா என்னைய வேலையில வெச்சிருப்பானா? எப்ப வந்துச்சுன்னு எழுத வேணாமா? ஒம்போது மணிலேர்ந்து பத்து வரைக்கும் அதுங்க இல்லன்னா, அப்ப நடந்தது எதுவும் அதுங்களுக்குத் தெரியாதே. அந்நேரம் என்ன நடக்கும்?"

ஹேமலதா பையிலிருந்து வகுப்புக் கால அட்டவணையை எடுத்தார்.

அந்நேரம் கணக்கு நடக்கும். முதல் பீரியட் கணக்கு. காலையில்தான் மூளை பளிச்சென்று இருக்கும், கணக்கைச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளாதீர்கள் என்று தலைமையாசிரியரிடம் வாதாடி, முதல் பீரியடை வாங்கிக்கொண்டவரே ஹேமலதாதான். வருஷா வருஷம் அந்தப் பதினேழு பேர் மாதிரிப் பிள்ளைகள் தமிழுக்கு வந்தார்கள், அறிவியலுக்கு வந்தார்கள், சாப்பாட்டுக்கு வந்தார்கள். கணக்குக்கு மட்டும் வரவே இல்லை. பதிவேட்டைப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. முப்பது வீட்டு வாசலிலும் மீன் ஏலத்திலும் நின்று, 'உங்கள் ஈடுபாடு எத்தகையது' என்று கேட்ட தன் குரல் தனக்கே கேட்டது.

"என்ன ஆச்சு ஹேமா?"

"நான்தாங்க," என்றார். "காரணம் நான்தான்."

வழிகாட்டிப் பேராசிரியர் ஜானகிராமனுக்குப் போன் போட்டார். ஹேமலதாவைவிட எட்டு வயது சின்னவர், கெடு தேதி என்றால் நடுங்குகிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் தாழ்ந்தது.

"மேடம், ரெஜிஸ்டர் அரசு ஆவணம். அது தப்புன்னு நீங்களே எழுத்துல குடுத்தா, யாராவது இலாகாவுக்கு ஒரு காப்பி அனுப்புனாலே போதும், உங்க வேலைக்கு ஆபத்து. வருகைங்கற விஷயத்தையே எடுத்துடுங்க. பெற்றோர் மனப்பான்மை ஒண்ணே போதும். முடிவு ரெடியா இருக்கு, மார்க்கும் வந்துடும்."

"அந்த முடிவு பொய் சார்."

"எல்லாரும் அப்படித்தான் மேடம் முடிக்கறாங்க."

"நான் அப்படி முடிக்கறதுக்கு நாலு வருஷம் எதுக்கு சார்? மொத நாளே எழுதிக் குடுத்துருப்பேனே."

அடுத்த சுவர் தலைமையாசிரியர் செல்வாம்பாள். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. மாதா மாதம் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து அவருடையது. ஹேமலதா சொல்லி முடிக்கும் முன்பே மேசையைத் தட்டினார்.

"போற நேரத்துல என் தலையில மண்ண அள்ளிப் போடப் பாக்கறியா? நான் என்னமா பண்ணேன் உனக்கு?"

"உங்க பேரு வராது மேடம். நான்தான் வகுப்பாசிரியர், நான்தான் போட்டேன், அப்படித்தான் எழுதுவேன். எனக்கு ரெண்டு விஷயம் வேணும். முப்பது நாள் காலையில நான் கேட்ல நிக்கணும். யார் எப்ப வராங்கன்னு எழுதணும். அப்புறம், ஜனவரிலேர்ந்து கணக்க மூணாவது பீரியடுக்கு மாத்தணும்."

"நீ கேட்ல நின்னா உன் கிளாஸ யாரு பாக்கறது?"

"நீங்க."

செல்வாம்பாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். நாற்பது வருஷ வேலையில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் பொரிந்து தள்ளினார், நடுவில் தண்ணீர் குடித்தார், மறுபடி பொரிந்தார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

"திங்கக்கெழமலேர்ந்து உன் ரெஜிஸ்டர்ல பென்சில் புள்ளி இருக்கணும். சாப்பாட்டு எண்ணிக்கைய நான் தனியா எழுதி அனுப்பறேன், எந்தப் புள்ளைக்கும் கொறையாது. தப்ப எழுதும்போது, அத நிறுத்துனதையும் சேத்து எழுது."

முதல் நாள் கேட்டில் ஹேமலதாவைப் பார்த்ததும் நாலு பிள்ளைகள் வந்த வழியே திரும்பி ஓடினார்கள். "ஓடாதீங்கடா! அடிக்க மாட்டேன், மணிதான் எழுதறேன்!" என்று அவர் தெருவில் நின்று கத்த வேண்டியதாயிற்று. இரண்டாம் வாரம் பிள்ளைகளே வந்து, "டீச்சர், எனக்கு ஒம்போது அம்பத்திரெண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கலைவாணி பெரும்பாலும் பத்து மணி எட்டு நிமிஷம். ஒரு பின்னல் முடிந்திருக்கும், மறு பின்னல் பாதியில் இருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டே காலை வணக்கம் சொல்வாள். பதினெட்டு வருஷமாகத் தன் வகுப்புக்குப் பிள்ளைகள் எப்படி வந்து சேர்கிறார்கள் என்று ஹேமலதா ஒரு நாளும் பார்த்திருக்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

ஜனவரியில் கணக்கு மூன்றாவது பீரியடுக்கு மாறியது. புதுச் சாதனம் எதுவும் கொண்டுவரவில்லை, அதே புளியங்கொட்டை, அதே குச்சி. மூன்றாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கினார். மார்ச்சில் அதே சோதனையை வைத்தார். பதினேழு பேரில் கலைவாணியோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் தேறினார்கள். ஐந்து பேர் தேறவில்லை. தலைப்பை மாற்றி, தொண்ணூற்றாறு பக்கம் எழுதி, மிஷன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கறுப்பு அட்டை போட்டு, கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்துவிட்டார்.

மே மாதம் வாய்மொழித் தேர்வு. மேசைக்கு அந்தப் பக்கம் ஜானகிராமனும், வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை ஒருவரும். பேராசிரியை மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார். ஜானகிராமன் ஜன்னல் பக்கம் பார்க்கத் தொடங்கினார்.

"வகுப்பாசிரியர் வராத பிள்ளைகளுக்கு வருகை போட்டார்னு எழுதிருக்கீங்க. அதனாலதான் உண்மையான காரணம் இத்தனை வருஷம் தெரியலன்னும் எழுதிருக்கீங்க. அந்த ஆசிரியர் மேல என்ன நடவடிக்கை எடுக்கலாம்னு நெனைக்கறீங்க?"

"எடுத்தாச்சு மேடம். அந்த ஆசிரியர் நான்தான். முன்னுரையிலயே சொல்லிருக்கேன்."

பேராசிரியை பக்கங்களைப் பின்னால் புரட்டிப் படித்தார்.

"இத எழுதும்போது பயமா இல்லையா?"

"இருந்துச்சு மேடம். ஆனா பொய்ய எழுதிட்டு நாளைக்கு நான் நாலு ஆசிரியருக்குப் பாடம் எடுக்கறத நெனைச்சேன். அதுக்கு இதுவே பரவால்லன்னு தோணுச்சு."

"அஞ்சு பேர் தேறல. ஏன்?"

"தெரியல மேடம். நேரம் மட்டுந்தான் காரணம்னா தேறிருக்கணும். வேற ஏதோ இருக்கு. இந்தத் தடவ வீட்டுலேர்ந்து ஆரம்பிக்க மாட்டேன், என் வகுப்புலேர்ந்து ஆரம்பிப்பேன்."

"உங்க பதினெட்டு வருஷத்துல மொத்தம் எத்தனை பிள்ளைங்க இப்படிப் போயிருப்பாங்க, கணக்குப் போட்டீங்களா?"

"போட்டேன் மேடம். எரநூத்தி அம்பதுக்குக் கொறையாது," என்றார் ஹேமலதா. "அவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்ப இருக்கறவங்களுக்கு இருக்கு."

முதல் வகுப்பில் தேறினார். இலாகாவிலிருந்து ஓர் ஓலையும் வரவில்லை, பாராட்டும் வரவில்லை. கமலக்கண்ணன் டெப்போ முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். ஆனால் ஹேமலதாவுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. ஜூனில் பள்ளி திறந்த அன்று, மீன்பிடித் தடைக்காலம் என்பதால் துறைமுகத்துக்குப் போகாமல், கருவாட்டுக் கூடையோடு பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் விட வந்த தில்லையம்மாளைக் கேட் அருகே நிறுத்தி, நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை பேச்சுத் தமிழிலேயே சொன்னார்.

தில்லையம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்.

"போன வருசம் மீட்டிங்குல, உன் பொண்ணுக்குக் கணக்கு ஏறாதுன்னு சொன்னீங்க டீச்சர்."

"ஆமா. சொன்னேன்."

"அன்னிக்கு வீட்டுக்குப் போயி அவள அடிச்சேன். அப்புறமும் எத்தினியோ தபா அடிச்சேன். ஸ்கூலுக்குத்தான் டெய்லி போற, கணக்கு மட்டும் ஏன் வரலன்னு கேட்டு கேட்டு அடிச்சேன்."

ஹேமலதா எந்தப் பேராசிரியைக்கு முன்னாலும் இப்படி நின்றதில்லை. அப்படிச் சொன்னது பதினேழு அம்மாக்களிடம். மற்ற பதினாறு வீட்டில் என்ன நடந்ததோ தெரியாது. வரிசையில் நின்றிருந்த கலைவாணியைக் கூப்பிட்டு, அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"கலைவாணி, உனக்குக் கணக்கு வராதுன்னு நான் உங்க அம்மாகிட்ட சொன்னேன். அது தப்பு. நீ இல்லாத நேரத்துல நான் பாடம் நடத்திட்டு, உனக்கு வரலன்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது, உன்னோடது இல்ல. அதுக்கு நீ அடி வாங்கிருக்கக் கூடாது."

கலைவாணி அம்மாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். பெரியவர்கள் இரண்டு பேரும் ஏன் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"அதான் இப்ப வருதே டீச்சர்," என்று சொல்லிவிட்டு வரிசைக்கு ஓடினாள்.